தம்பிக்காகப் போகும் அக்கா: டிஸ்டோபியக் கதையில் தியாகத்தை எழுதுவது எப்படி?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லித்தருகிறேன். டிஸ்டோபியா, அதாவது கொடுமையான ஓர் எதிர்கால உலகத்தைப் பற்றிய கதை, என்றாலே கடைசிப் பக்கத்தில் யாராவது துப்பாக்கிக் குண்டுக்குக் குறுக்கே பாய்ந்துவிடுகிறார். நமக்கோ கண் கலங்குவதில்லை. அதுவரை அந்த ஆள் யாருக்கும் எதையும் கொடுத்ததே இல்லையே! சரி, ஒரு கதையைச் சேர்ந்தே கட்டிப்பார்ப்போம்.

படி 1: முதலில் சட்டம்

அந்த உலகத்தில் எதற்குத் தட்டுப்பாடு? நம் ஊருக்குத் தண்ணீரைவிடப் பொருத்தமாக எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. 1963ல் இங்கே மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. தாத்தா பாட்டியைக் கேட்டுப்பாருங்கள். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திடமிருந்து தண்ணீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061ல் முடிகிறது. அதனால் நம் கதை நடப்பது 2070ல், தோ பாயோவில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. ஆளுக்கு ஒரு தண்ணீர் அட்டை, நாளுக்கு நான்கு லிட்டர். அப்புறம் ஒரு கொடுமை: வீட்டுக்கு ஒருவர் கடல்சுவர் வேலைக்குப் போக வேண்டும். போனவர் திரும்புவதில்லை.

படி 2: சின்னச் சின்னதாகக் கொடுக்க விடுங்கள்

அவசரப்படாமல் எழுத வேண்டிய இடம் இதுதான். இரவு பதினொரு மணி. அக்கா தன் போத்தலைத் தம்பியின் போத்தலில் சாய்க்கிறாள். சத்தம் வரக்கூடாதென்று இரண்டின் வாயையும் ஒட்டிப் பிடித்திருக்கிறாள். காலையில் அவள் வெடித்த உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவும்போது தம்பி கேட்கிறான்:

“என் போத்தல் மட்டும் ஏன்க்கா தீரவே மாட்டேங்குது?”

“நீ கொஞ்சமா குடிக்கிறடா.”

‘த ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாவலில் குலுக்கலில் பெயர் வரும் பிள்ளைகள் சாகும்வரை மோதும் போட்டிக்கு, 16 வயது காட்னிஸ் தங்கை பிரிம்முக்குப் பதிலாக முன்வருவதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு கணக்கு. 12 வயதிலிருந்தே அவள், வீட்டுக்குத் தானியமும் எண்ணெயும் கிடைக்க, அந்தக் குலுக்கலில் தன் பெயரைக் கூடுதலாகப் போட்டுவருகிறாள். அன்றைக்கு அவள் பெயர் 20 சீட்டில், தங்கை பெயர் ஒரே சீட்டில். தங்கையைக் கூடுதல் சீட்டுப் போட அவள் விட்டதே இல்லை.

படி 3: தப்பிக்க ஒரு வழி வையுங்கள்

வேறு வழியில்லாமல் போனால் அது தியாகம் ஆகாது. அக்கா மருத்துவத் தாதி, அதனால் கடல்சுவர் வேலையிலிருந்து அவளுக்கு விலக்கு உண்டு; போக வேண்டியவன் தம்பிதான். அந்த விலக்கை அவளே விட்டுக்கொடுக்கட்டும்.

படி 4: கொடுப்பவர் விளக்கம் சொல்ல வேண்டாம்

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தபோது அதன் பலனைச் சொல்லாமல் மனதுக்குள் அடக்கிக்கொண்டான். புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவை நெகிழ்ந்து சொல்வதே அதைத்தான். உங்கள் அக்காவும் “உனக்காகத்தான்” என்று வசனம் பேசக்கூடாது. ஒரு வரி எழுதியிருந்தாலும் அடித்துவிடுங்கள்.

படி 5: தப்பியவன் கோபப்படட்டும்

“நான் கேட்டேனா?” என்று தம்பி கத்த வேண்டும். பதின்ம வயதில் நன்றியைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும்.

இன்றைய பயிற்சி: போத்தல் காட்சியைத் தம்பியின் பார்வையில் எழுதுங்கள். அவன் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.