ஃபர்னஸ் நின்றுவிட்டதா? புதிதுக்குப் பணம் கட்டும் முன்

ஒன்டாரியோவில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் பொதுவாக 15 முதல் 20 வருடம் உழைக்கும். பார்க்க வருகிறவர் வயதைக் கேட்டதும் "பழசு, மாத்திடுங்க" என்று சொன்னால் அவசரப்பட வேண்டாம். எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதே முதல் கேள்வி.

ஆளைக் கூப்பிடும் முன் காற்று ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியாத அளவுக்கு அடைத்திருந்தால், காற்று போதாமல் உள்ளே சூடு ஏறி, சூடு மீறினால் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் பர்னரை அணைத்திருக்கும். ஹை எஃபிஷியன்சி ஃபர்னஸ் என்றால் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிவிசி குழாய்களைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் அடைத்தாலும் தீ பற்றாது. கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியே எல்இடி எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுங்கள். எத்தனை மின்னலுக்கு என்ன கோளாறு என்பது கதவின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும். திறக்கும் முன்பே எண்ணிவிடுங்கள், ஏனென்றால் கதவு திறந்ததும் மின்சாரம் நின்று, சில கன்ட்ரோல் போர்டுகளில் (ஃபர்னஸை இயக்கும் மின்பலகை) அந்தக் கோளாறுக் குறியீடு அழிந்துவிடும்.

பற்றிய சில நொடிகளில் அணைந்து, திரும்பப் பற்றி, சில முறைக்குப் பின் அடங்கிவிடுகிறதா? பெரும்பாலும் தீ இருக்கிறதா என்று உணரும் ஃபிளேம் சென்சர்தான். தீக்குள் நிற்கும் அந்த மெல்லிய கம்பியில் படலம் படிந்தால், அதன் வழியே போகும் ஓரிரு மைக்ரோஆம்ப் மின்னோட்டம் குறைந்துவிடும். தீ இல்லை என்று எண்ணி போர்டு கேஸை மூடிவிடும். மின்சாரத்தை நிறுத்தி, ஒற்றைத் திருகைக் கழற்றி, கம்பியை மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்த்தால் போதும். தீ பற்றவைக்கும் இக்னைட்டர் சிவக்கவே இல்லையென்றால் அதை மாற்ற வேண்டியிருக்கலாம். புதியதன் சூடாகும் முனையில் விரல் படக்கூடாது. இதற்கெல்லாம் புது ஃபர்னஸ் வாங்குவது வீண்செலவு.

சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் ப்ளோயர் மோட்டார், புகையை வெளியே இழுக்கும் இன்டியூசர், கன்ட்ரோல் போர்டு போனால்தான் வயது கணக்கில் வரும். முதலில் வாரண்டியைப் பாருங்கள். பாகம் இலவசமாக வந்தாலும் கூலி பெரும்பாலும் நம் தலையில்தான். 15 வருடம் தாண்டி, ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியை நெருங்கினால் மாற்றிவிடலாம்.

தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் என்றால் பேச்சே வேறு. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் வரலாம். அதை ஒட்டிப் பயன்படுத்த முடியாது. விரிசலைக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் இன்னொரு டெக்னீஷியனையும் அழையுங்கள், ஆனால் அதுவரை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

மாற்றுவதென்று முடிவானால், 80 சதவீத ஃபர்னஸிலிருந்து (எரியும் கேஸில் எவ்வளவு சூடாக வீட்டுக்குக் கிடைக்கிறது என்ற கணக்கு) 96க்குப் போகும்போது கேஸ் ஆறில் ஒரு பங்கு மிச்சமாகும். வருடம் 1,200 டாலர் சூடாக்கச் செலவென்றால் 200 டாலர். இந்த மிச்சத்துக்காக மட்டும் நன்றாக ஓடும் ஃபர்னஸைக் கழற்றுவது கட்டாது.

பலர் கவனிக்காதது சிம்னி. பழைய வீடுகளில் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் ஒரே சிம்னியில் புகை விடும். புதியது பிவிசி குழாய்க்கு மாறியதும் வாட்டர் ஹீட்டருக்கு மட்டும் அந்தச் சிம்னி பெரிதாகி, புகை குளிர்ந்து வீட்டுக்குள் திரும்பலாம். சிம்னிக்குள் சிறிய குழாய் (லைனர்) தேவையா என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். பழைய ஃபர்னஸின் பிடியூ (வெப்ப அளவு) எண்ணை அப்படியே போடாமல் வெப்ப இழப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள்; அளவு பெரிதானால் அடிக்கடி அணைந்து பற்றி, சீக்கிரம் தேயும்.

வீடு தேடி வந்து ஃபர்னஸ் விற்பதை ஒன்டாரியோ 2018இலேயே தடை செய்துவிட்டது. நீங்கள் அழைக்காமல் வாசலில் நிற்பவரிடம் ஃபர்னஸ் வாடகை ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.