வந்து வந்து போகும் கரண்ட் கோளாறைக் கையும் களவுமாகப் பிடிப்பது

போன ஆனியில் என் மச்சினன் வீட்டு வாசலில் வந்து நின்றான். ரங்கூனில் டொயோட்டா புரோபாக்ஸ் டாக்சி ஓட்டுகிறவன். "மச்சான், ஒரு நாள் சாவியைத் திருப்பினதும் கிளம்புது. மறுநாள் டிக்கு டிக்குன்னு சத்தம் மட்டும் வருது" என்றான். அதற்குள் ஒரு பட்டறையில் புது பேட்டரி போட்டிருந்தார்கள். இன்னொரு பட்டறையில் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரையே மாற்றியிருந்தார்கள். கையில் இருந்த காசு போனது, கோளாறு போகவில்லை. கடைசியில் குறை இருந்தது ஒரே ஒரு போல்ட்டில். ஒரு நோட்டுப் புத்தகமும், வோல்ட் அளக்கும் மலிவான மல்டிமீட்டரும் அதைக் காட்டிக்கொடுத்தன. அவன் பட்ட நஷ்டம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் கோளாறில் பெரும்பாலும் சாமான் கெட்டிருக்காது. சாமானுக்குக் கரண்ட் போகிற வழி கெட்டிருக்கும். துருப்பிடித்த எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), பச்சை பூத்த கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் செருகி), உறைக்குள்ளேயே அறுந்த வயர், பிடிப்பு தளர்ந்த ஃபியூஸ் சாக்கெட், இவைதான் வழக்கமான ஆட்கள். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் கோளாறு எப்போது வருகிறது என்று எழுதுங்கள். மழையா வெயிலா, இன்ஜின் சூடாக இருந்ததா ஆறியிருந்ததா, பள்ளத்தில் இறங்கியபோதா, ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, கூடவே வேறு எது அணைந்தது. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இரண்டு பொருள் சேர்ந்து அணைந்தால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபியூஸோ ஒரு எர்த்தோ இருக்கும். தேடும் இடம் அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும்.

மச்சினனின் நோட்டில் இரண்டு வாரத்தில் ஆறு குறிப்பு சேர்ந்தது. ஆறும் மழை பெய்த காலை. ஆறிலும் ஹெட்லைட் பளிச்சென்று எரிந்திருக்கிறது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை. ஹெட்லைட் செத்துப்போய் மங்கினால் பேட்டரியையோ அதன் டெர்மினலையோ சந்தேகிக்கலாம். அது பிரகாசமாக எரியும்போதே டிக்கு டிக்கு என்றால், பேட்டரியில் சக்தி இருக்கிறது, செல்ஃப் வரை போய்த் திரும்பும் பாதையில் எங்கோ அடைப்பு. புது பேட்டரி வாங்குவதற்கு முன் இந்த ஒன்றைப் பார்த்திருந்தாலே போதும்.

ஏழாவது காலை போன் வந்தது. "வண்டியைத் தொடாதே, எதையும் ஆட்டாதே" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கோளாறு இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சரியாக ஓடும் வண்டியில் எவ்வளவு அளந்தாலும் எல்லாம் நல்லதாகவே காட்டும்.

முதலில் பேட்டரி. இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால், இன்ஜின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது. இவன் வண்டியில் 12.6 இருந்தது. அப்புறம் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தேன். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே ஊன்றினேன். குமிழைச் சுற்றிக் கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைக்கக்கூடாது, குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே குறை இருக்கலாம். சிவப்பு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னேன். செல்ஃப் இழுக்கும்போது அங்கே 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. 5.8 வந்தது. பேட்டரி கொடுப்பதில் கிட்டத்தட்ட பாதி, எர்த் பாதையிலேயே கரைந்துகொண்டிருந்தது.

இனி எந்த இடம் என்று பார்க்க வேண்டும். கறுப்பு முனை அசையாமல் இருக்கட்டும், சிவப்பு முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள். கிளாம்பில் 0.02. எர்த் கேபிளின் மறுமுனையில், போல்ட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு வளையத்தில் 0.15. அதே போல்ட்டுக்கு ஒரு விரல் தள்ளி, கியர்பாக்ஸ் இரும்பில் 5.7. குதித்த இடம் அதுதான். போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாக ஒரு மாவு. சித்திரைப் பிறப்போடு வரும் திஞ்சானில், அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில், நாலு நாள் வண்டி மேல் தண்ணீர் ஊற்றினார்கள். அடுத்து வைகாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஈரம் அங்கே காயவே இல்லை என்று நினைக்கிறேன். உப்புத்தாள் போட்டு இரண்டு முகத்தையும் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தால் 0.12. அன்றிலிருந்து வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

மீட்டர் மட்டும் போதாத இடமும் உண்டு. ஒரு வயருக்குள் இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. 21 வாட் பிரேக் பல்ப் 1.75 ஆம்பியர் கேட்கும். அந்த ஒற்றை இழையால் அதைக் கொடுக்க முடியாது, பல்ப் மங்கும். அதனால் அந்த பல்பையே சோதனைக் கருவியாக்கலாம். பழைய பல்ப் ஹோல்டர், இரண்டு மீட்டர் வயர், இரண்டு முதலை கிளிப், இவ்வளவுதான் செலவு. ஒரு கிளிப்பைச் சந்தேகப்படும் வயரின் முனையிலும் இன்னொன்றை நல்ல எர்த்திலும் மாட்டிவிட்டு, வயரை ஒவ்வொரு சாணாக மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பல்ப் கண்சிமிட்டும் இடத்தில் குறை இருக்கிறது. இரவில் மின்வெட்டு நேரத்தில் செய்தால் சின்னத் தீப்பொறிகூடக் கண்ணில் படும்.

இந்த பல்பை ஏர்பேக் வயரிலும் கம்ப்யூட்டருக்குப் போகும் வயரிலும் கண்டிப்பாக வைக்காதீர்கள். மஞ்சள் கப்ளரும் மஞ்சள் உறையும் ஏர்பேக்குடையவை, அதன் பக்கமே போக வேண்டாம். பக்கத்தில் வேலை இருந்தால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, குறைந்தது 90 விநாடி பொறுத்துத் தொடங்குங்கள்.

புரோபாக்ஸ் மாதிரி பின்கதவு மேலே தூக்கும் வண்டிகளில் இன்னொரு இடம் எனக்குப் பழக்கமாகிவிட்டது. ரங்கூனின் தாம்வே பகுதியில் ஒரு அண்ணனுக்கு டெயில் லாம்ப் ஃபியூஸ் வாரத்துக்கு இரண்டு முறை போய்க்கொண்டிருந்தது. அவர் 10 ஆம்பியருக்குப் பதில் 20 போடலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும், வண்டியே எரியும். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அதன் இரண்டு சாக்கெட்டிலும் அந்த 21 வாட் பல்பையே மாட்டினேன். பார்க்கிங் லைட் போட்டால் பல்ப் மங்கலாக எரியும். எங்காவது வயர் தகரத்தில் பட்டு ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரியும், ஆனால் எதுவும் பொசுங்காது. ஃபியூஸ் வாங்கித் தள்ளாமல் எத்தனை நேரம் வேண்டுமானாலும் தேடலாம். பின்கதவைத் தூக்கி இறக்கினோம். பாதித் தூரத்தில் பல்ப் பளிச். கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குழாயை உருவினால், நம்பர் பிளேட் லைட் வயரின் தோல் வெடித்து, செம்பு தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கதவின் கீல் பக்கமும் இப்படித்தான், நாளெல்லாம் திறந்து மூடுவதால் வயர் மடிந்து மடிந்து அறும்.

கோளாறு வர மறுத்தால் அதை வரவழைக்க வேண்டும். மழையில் மட்டும் வருவதென்றால் தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு கப்ளர் மேல் மட்டும் தெளியுங்கள். மொத்தமாக ஊற்றினால் எது காரணம் என்று தெரியாது. ரங்கூனில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன, தேங்கிய தண்ணீரில் முதலில் இறங்குவது வலது சக்கரம். அதனால் நான் வலது சக்கரக் குழியைச் சுற்றியிருக்கும் கப்ளர்களிலிருந்து தொடங்குவேன். சூட்டில் வருவதென்றால் ஹேர் டிரையரால் ரிலேயை (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சை) சூடாக்குங்கள். அதே நம்பர் அச்சடித்த இன்னொரு ரிலே அதே பெட்டியில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், ஹாரன் ரிலே பெரும்பாலும் உதவும். கோளாறும் கூடவே இடம் மாறினால் ரிலேதான் குறை.

அறுந்த வயரைச் சும்மா முறுக்கி டேப் ஒட்டுவது இந்த மழைக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. கீல் பக்கத்தில் சால்டரும் வேண்டாம், சால்டர் முடியும் இடத்தில் வயர் விறைத்து மறுபடி ஒடியும். ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய இழைகள் நிறைய உள்ள புது வயரைச் சேருங்கள். இரண்டு இணைப்பும் ரப்பர் குழாய்க்கு வெளியே, மடியாத இடத்தில் வரட்டும். உலோகக் குழாயில் வயரைச் செருகி நசுக்கி கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். தாம்வே அண்ணன் வண்டியில் நாலு வயரை இப்படி மாற்றினோம். மற்ற மூன்றில் செம்பு இன்னும் வெளியே தெரியவில்லை, ஆனால் தோல் வெடிக்கத் தொடங்கியிருந்தது.