பழைய காரில் புதுப் பெயிண்ட் ஏன் உரிகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதக்கணக்கில் டிங்கரிங், பட்டி, தேய்ப்பு எல்லாம் முடிந்து கார் கண்ணாடி போல நிற்கிறது. சில மாதம் கழித்து ஏதோ வேலைக்காக ஒட்டிய மாஸ்கிங் டேப்பை உரித்தால், டேப்போடு பெயிண்டும் ஏடாக வருகிறது. பழைய காரைப் புதுப்பிக்கும் வேலையைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் இதில் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். தூசி விழுவது, பெயிண்ட் வழிவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை தேய்த்துப் பாலிஷ் போட்டால் போய்விடும். பிடிப்பு போனால் தகடுவரை இறங்க வேண்டும்.

உரிந்த ஏட்டின் முதுகைப் பார்க்காமல் தேய்க்கத் தொடங்குவது

உரிந்ததும் உப்புத்தாளைத் தேடாதீர்கள். அந்த ஏட்டைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் பிரைமர், அதாவது தகட்டில் முதலில் அடிக்கும் அடிப்பூச்சு, ஒட்டியிருந்து, காரில் வெறும் தகடு தெரிந்தால் கோளாறு தகட்டுக்கும் பிரைமருக்கும் நடுவில். காரில் பிரைமர் அப்படியே இருந்து, ஏட்டின் முதுகில் நிறம் தெரிந்தால், பிரைமரைத் தேய்க்காமலோ, அதன்மேல் அடுத்த கோட் அடிக்க வேண்டிய காலக்கெடு தாண்டியோ நிறம் அடித்திருக்கிறார்கள். மேலே அடிக்கும் நிறமற்ற கிளியர் மட்டும் கண்ணாடித்தாள் போல வந்தால் பேஸ் கோட்டை, அதாவது அதன் அடியில் உள்ள நிறப் பூச்சைச் சந்தேகப்படுங்கள்: வறட்சியாக அடித்தது, அளவுக்கு மீறிக் கனமாகப் போட்டது, அல்லது கிளியர் அடிக்க நாள் கடத்தியது.

எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்குக் கட்டம் கீறிப் பார்க்க வேண்டும். பிடிப்பைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 2409 தரமுறைப்படி, பெயிண்டின் கனம் 121 முதல் 250 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) இருந்தால் 3 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடும், குறுக்கே ஆறு கோடும் தகடுவரை கீறி, டேப் ஒட்டி இழுப்பார்கள். பலமுறை பெயிண்ட் கண்ட பழைய வண்டியில் கனம் 250 மைக்ரானைத் தாண்டியிருக்கும். அங்கே கட்டம் சரிவராது. பெருக்கல் குறி போல இரண்டு கீறல் போதும்.

துரு நீக்கிய அமிலத்தின் மேலேயே எபாக்ஸி அடிப்பது

இந்த ஒன்றுதான் இன்னும் எரிச்சலூட்டுகிறது. மற்ற தவறுகள் ஒரு கதவையோ பானட்டையோ கெடுக்கும். இது முழு வண்டியையும் ஒரே நாளில் கெடுத்துவிடும், அதுவும் தகடு பார்க்க அத்தனை சுத்தமாக இருக்கும்போது.

நடப்பது இதுதான். துருவைக் கரைக்கப் பாஸ்பாரிக் அமிலம் பூசுகிறார்கள். துரு போய்த் தகடு சாம்பல் நிறத்துக்கு வருகிறது. அப்படியே காயவிட்டு மறுநாள் எபாக்ஸி பிரைமர் அடிக்கிறார்கள். வேலை செய்யாமல் மிஞ்சிய அமிலம் தகட்டின் மேலேயே உப்பாகவும் பிசுக்காகவும் காய்ந்து கிடக்கிறது. எபாக்ஸியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னர் பெரும்பாலும் அமீன் வகை, அதாவது காரம். அமிலம் அதைத் தின்றுவிடும். அளந்து அளந்து கலந்த விகிதம், தகட்டைத் தொடும் அந்த மெல்லிய அடி அடுக்கில் மட்டும் கெட்டுப்போகிறது. மேலே கல் போல இறுகும்; அடியில் இறுகாது. நகத்தால் கீறிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். போதாததற்கு, மிஞ்சிய உப்பு படலத்தின் வழியே ஈரத்தை இழுத்துக் கொப்புளமும் கிளப்பும்.

சில அமில பாட்டில்களில் ‘கழுவ வேண்டாம், நேரே பெயிண்ட் அடிக்கலாம்’ என்று போட்டிருக்கும். எந்தப் பெயிண்ட் என்று போட்டிருக்காது. நீங்கள் அடிக்கப்போகும் எபாக்ஸியின் விவரத்தாள் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

காய்ந்த அமிலத்தை வெறும் தண்ணீரால் எடுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் எடுத்துக்கொண்டு, புது அமிலத்தால் மறுபடி நனையுங்கள். காயவிடாமல் சில நிமிடம் ஊறவைத்து, சிவப்பு ஸ்காட்ச்பிரைட் நாரால் தேயுங்கள். ஈரம் இருக்கும்போதே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அமில, கார அளவைக் காட்டும் பிஎச் தாளை ஈரத்தகட்டில் வைத்துப் பாருங்கள்; தகட்டின் பிஎச்சும் அலசப் பயன்படுத்தும் தண்ணீரின் பிஎச்சும் ஒன்றாக வரும்வரை அலச வேண்டும். உடனே காற்றடித்து, சூடு காட்டி உலர்த்துங்கள். லேசாக மஞ்சள் துரு படரும், பயப்பட வேண்டாம். 80ஆம் நம்பர் தாள் அதை எடுத்து, எபாக்ஸிக்கு வேண்டிய சொரசொரப்பையும் கொடுத்துவிடும். பிறகு கிரீஸ் நீக்கியால் துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி.

சமையல் சோடா போட்டு அமிலத்தை முறிக்கும் யோசனையும் வருகிறது. ஓர் உப்பை எடுக்க இன்னோர் உப்பைப் பூசுவதுதான் அது.

கதவின் மடிப்பு, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பு ஆகியவற்றில் அமிலமே கூடாது. உள்ளே போனது வெளியே வராது, பின்னால் கசிந்து விளிம்பைக் கிளப்பும். அங்கே மணலைக் காற்றழுத்தத்தில் வீசித் துருவை எடுக்க வேண்டியதுதான்.

எட்ச் பிரைமரின் மேல் பட்டி

எட்ச் பிரைமரும், அதாவது தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கும் பிரைமரும், அமிலம் கலந்ததுதான். பாலியெஸ்டர் பட்டி அதன்மேல் சரியாக இறுகாது. வெறும் தகட்டில் பட்டி, அல்லது எபாக்ஸியின் மேல் பட்டி. மூன்றாவது வழி வேண்டாம்.

காலக்கெடுவைத் தாண்டுவது

எபாக்ஸி அடித்துவிட்டு ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று விட்டால், அடுத்த கோட்டுடன் அது வேதியியல் முறையில் இணையாது. கெடு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும்: சிலதுக்கு ஒரு நாள், சிலதுக்கு ஒரு வாரம். தாண்டிவிட்டால் 320ஆம் நம்பர் தாளால் முழுக்க மங்கச் செய்தபிறகே அடுத்தது. பளபளப்பு தெரியும் ஒவ்வொரு புள்ளியும், கதவுக் கைப்பிடி ஓரமும் நீர்வடி பள்ளமும் உட்பட, நாளைக்கு உரியப்போகும் இடம். நிறத்துக்கு முன் 400 முதல் 600. அதைவிட நைசாகத் தேய்த்தால் கைக்குத்தான் சுகம், பெயிண்டுக்குப் பிடி கிடைக்காது.

தேய்த்தபிறகு மட்டும் கிரீஸ் துடைப்பது

தேய்ப்பதற்கு முன்னும் துடையுங்கள். இல்லையென்றால் மெழுகையும் சிலிக்கானையும் நீங்களே கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். நனைத்த துணி ஒரு கையில், உலர்ந்த துணி மறு கையில். காயுமுன் துடைத்தெடுக்க வேண்டும். தானாகக் காய்ந்தால் அழுக்கு இடம் மாறியதோடு சரி.

வெறுங்கையால் தடவிப் பார்ப்பது

கையுறை.

திறந்து நாளான ஹார்ட்னர்

கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

குளிர்ந்த தகடு

காற்றின் சூட்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். தகட்டின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட, 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல்தான் அடிக்கிறீர்கள்.

உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது

பிடிப்பில்லாத படலத்தின் விளிம்பை எவ்வளவு தேய்த்தாலும் சரிவாக வராது. தேயத்தேயப் பின்வாங்கிக்கொண்டே போகும். அது நிற்கும் இடம்வரை போங்கள். அங்கிருந்து ஒரு சாண் தள்ளிக் கீறி, டேப் ஒட்டி இழுங்கள். அதுவும் வந்தால் அந்தப் பாகம் முழுவதையும் தகடுவரை எடுக்க வேண்டும். அடியில் அமிலம் என்று தெரிந்துவிட்டால் கீறிப் பார்க்கவும் வேண்டாம். அமிலம் பட்ட பாகங்களில் எல்லாம் பெயிண்டைத் தகடுவரை எடுத்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.