மீன் பெப்டைடும் எலியின் இரைப்பைப் புண்ணும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம், தொண்டி எனக் கடலோரத்தில் படிக்கும் மாணவர்கள், மீன்தோலிலிருந்து பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு) எடுத்து அது எலியின் இரைப்பைப் புண்ணைத் தடுக்கிறதா என்று பார்க்கும் திட்டங்களோடு என்னிடம் வருகிறார்கள். திட்டம் நல்லதுதான். கிளாத்தி மீனின் தடித்த தோல் இங்கே கழிவாகவே கிடைக்கிறது, அதில் கொலாஜன் என்ற புரதமும் நிறைய உண்டு. ஆனால், எங்கள் தலைமுறை ஆய்வேடுகளில் இருந்த அதே பிழைகள் இவர்களுடைய அட்டவணைகளிலும் திரும்ப வருவதைப் பார்க்கும்போது எழுதிவைப்பது கடமை என்று படுகிறது. எடை போடுவதில் பிசகுவது, தூளைக் குளிர்பெட்டியில் வைக்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை ஆய்வகமே கற்றுக்கொடுத்துவிடும்.

## உப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். மீன்தோலை அல்கலேஸ் போன்ற நொதியால் செரிக்கவைக்கும்போது கரைசலின் கார அமிலநிலை (pH) இறங்கிக்கொண்டே வரும். அதை 8-ஐ ஒட்டி நிறுத்த சோடியம் ஹைட்ராக்சைடைத் தொடர்ந்து சேர்க்கிறோம். வேலை முடிந்ததும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவருகிறோம். இந்த இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது சமையல் உப்பு. உப்பிட்டு வைத்த தோலாக இருந்தால் அந்த உப்பும் இதோடு சேர்கிறது. உறைய வைத்து உலர்த்தும்போது தண்ணீர் மட்டுமே போகிறது, உப்பு முழுவதும் தூளிலேயே தங்கிவிடுகிறது. மாணவரோ அந்தத் தூளின் எடை முழுவதையும் பெப்டைடு என்று எழுதுகிறார்.

தூளில் கால் பங்கு உப்பு என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் எடையுள்ள எலிக்கு, ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் வீதம் 1 மில்லிலிட்டர் நீரில் கரைத்துக் குழாய் வழியாக இரைப்பைக்குள் கொடுத்தால், அதில் 40 மில்லிகிராம் தூளும் 10 மில்லிகிராம் உப்பும் இருக்கும்; அதாவது 1 சதவீத உப்புக் கரைசல், உடலின் உப்புத்தன்மைக்கு அருகிலேயே இருப்பது. அளவை ஒரு கிலோவுக்கு 1 கிராம் என்று உயர்த்தினால் அதே 1 மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் உப்பு சேர்ந்து 5 சதவீதம் ஆகிவிடும். அது இரைப்பையை இலேசாக உறுத்தும் கரைசல்.

அந்த இலேசான உறுத்தலே எலியின் இரைப்பையைக் காக்கிறது என்பதுதான் சிக்கல். ஆந்த்ரே ராபர்ட் குழுவினர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நீர்த்த எத்தனால் (ஆல்கஹால்), நீர்த்த அமிலம், நீர்த்த காரம், செறிவான உப்புநீர் போன்ற மென்மையான உறுத்திகளை முதலில் கொடுத்துவிட்டால், புண் உண்டாக்குவதற்காகப் பின்னால் கொடுக்கப்படும் தூய எத்தனாலின் சேதம் பெரிதும் குறைகிறது என்று காட்டினார்கள். இரைப்பை தானே புரோஸ்டகிளாண்டின் என்ற காப்புப் பொருளைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே குறைந்த அளவில் சிறிது பலன், நடு அளவில் கூடுதல் பலன், உயர் அளவில் மிகுந்த பலன் என்று அழகாக ஏறிப்போகும் படம், பெப்டைடின் படமாக இல்லாமல் உப்பின் படமாகவும் இருக்கலாம்.

ஒரு மாணவி தன் முடிவுகளை என் மேசையில் விரித்தபோது, தூளில் ஒரு சிட்டிகையை எடுத்து நீரில் கரைத்து, நைட்ரிக் அமிலம் ஒரு துளி விட்டு, அதன்மேல் சில்வர் நைட்ரேட் ஒரு துளி விடச் சொன்னேன். கண்ணாடிக் கிண்ணத்தில் அக்கணமே தயிர் திரிந்ததுபோல் வெண்மையாகக் கட்டிக்கொண்டது; உப்பு இருப்பதற்கு அதுவே அடையாளம். எலிகள் அதற்கு முன்பே கொல்லப்பட்டுவிட்டன, உப்பு மட்டும் கொடுக்கப்பட்ட குழு அவற்றில் இல்லை. பெப்டைடுக்கு உண்மையிலேயே காக்கும் ஆற்றல் இருந்திருக்கலாம். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வழியில்லை. ஐந்து நிமிட வேலைக்காக அத்தனை உயிர்கள் வீணாயின என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எலியைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை இவை. தூளை 550 டிகிரி செல்சியஸில் எரித்துச் சாம்பலை அளவிடுங்கள். உப்பின் பகுதியான குளோரைடைத் தனியாக அளந்து பாருங்கள். உப்பை நீக்க டயாலிசிஸ் பையை (நுண்துளைச் சவ்வுப் பை) நம்பினால் சிறிய பெப்டைடுகளும் உப்போடு வெளியேறிவிடும் என்பதால், நானோ வடிகட்டலைத் தேடுங்கள். எப்படி நீக்கினாலும், மிச்சமிருக்கும் உப்பு, அமிலநிலை, கொடுக்கும் கன அளவு ஆகிய மூன்றிலும் பெப்டைடு பெறும் குழுவை ஒத்த, ஆனால் பெப்டைடு பெறாத ஒரு கட்டுப்பாட்டுக் குழு கட்டாயம் வேண்டும். இயன்றால் இண்டோமெதாசின் என்ற வலி மருந்தால் புரோஸ்டகிளாண்டினை அடக்கியபின்னும் பலன் நீடிக்கிறதா என்றும் பாருங்கள்.

## ஒமிப்ரசோலை மட்டும் ஒப்பீட்டுக்கு வைப்பது

ஒமிப்ரசோல் என்ற இரைப்பைப் புண் மருந்தின் முதன்மை வேலை அமிலச் சுரப்பைக் குறைப்பது. தூய எத்தனாலோ சளிப்படலத்தை நேரடியாகச் சிதைக்கிறது. எத்தனால் சோதனையில் சளிப்படலத்தைக் காக்கும் மருந்துகளான மிசோப்ராஸ்டால் அல்லது சுக்ரால்ஃபேட்டையும் சேர்த்தால்தான் ஒப்பீடு பொருந்தும்.

## கூண்டின் தரை

கம்பிவலைத் தரை இல்லாவிட்டால், பட்டினி போட்ட எலி தன் புழுக்கையைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும்.

## புண்ணை அளப்பவருக்குக் குழு தெரிந்திருப்பது

தெரியக் கூடாது.

## கடலட்டை

2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் உயிரினம். பெப்டைடு எடுக்க என்று யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

## தடுத்ததை ஆற்றியதாக எழுதுவது

எத்தனாலுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுத்த பெப்டைடு சேதத்தைத் தடுத்தது என்றால், அது தடுத்தது என்று மட்டுமே எழுத வேண்டும். ஆற்றுகிறதா என்று அறிய, அசிட்டிக் அமிலத்தால் புண் உண்டாக்கி, அதன்பின் பல நாட்கள் மருந்து கொடுத்துப் பார்க்கும் முறை தனியாக இருக்கிறது. மனிதருக்கு வரும் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு, வாரனும் மார்ஷலும் கண்டறிந்து 2005-இல் நோபல் பரிசு பெற்ற ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளுமே காரணம். விடிய விடிய வலை இழுத்து முதுகுவலியோடு கரையேறுபவர்கள் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவதை இக்கரையில் நான் பார்த்திருக்கிறேன். அவர்களை மனத்தில் வைத்துச் செய்யும் ஆய்வு என்றால், எத்தனாலைவிட இண்டோமெதாசினால் புண் உண்டாக்கும் முறையே பொருத்தமானது.

## எலியின் அளவை மனிதருக்கு அப்படியே சொல்வது

ஒரு கிலோ எடைக்கு எலிக்குக் கொடுத்த அளவைச் சுமார் 6.2-ஆல் வகுத்தால்தான் மனிதருக்கு நிகரான அளவு ஓரளவு தெரியும். அதுவும் தொடக்கக் கணக்குதானே தவிர, மருந்துச்சீட்டு ஆகாது. 15 அமினோ அமிலங்கள் கொண்ட பி.பி.சி-157 என்ற பெப்டைடு, பெரும்பாலும் எலி ஆய்வுகளை மட்டுமே காட்டி இணையத்தில் விற்கப்படுகிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022-இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் முடிவுரையின் ஒரு வரியை வெட்டி யாரும் விளம்பரத்தில் ஒட்டிவிடாதபடி எழுதுங்கள்.

## அனுமதி

உப்புக் குழுவை விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முதல் விண்ணப்பத்திலேயே எலிகளின் எண்ணிக்கையோடு சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்க்க நினைத்தால் மறுபடியும் அதே குழுவின் முன் போய் நிற்க வேண்டியிருக்கும்.