நாலைந்து பேர் பகிர்ந்து வேலை செய்ய ஒரு யூனிக்ஸ் கணினி

நாலைந்து பேர் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் முறை) வழியாக உள்ளே வந்து நிரல் எழுத, லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் ஒரு கணினி வேண்டுமா? சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். ப்ராசஸரோடு வருவதே தாராளம்.

அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள். பெரிய சி++ நிரல் கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்யவே (கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றவே) சில சமயம் 1 ஜிபிக்கு மேல் பிடிக்கும். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கு 8 வேலைகளாகப் பிரித்து ஓட்டினால் 24 கம்பைலர்கள்! 32 ஜிபி திணறும், 64 ஜிபி நிம்மதி. ரேம் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு ப்ராசஸை (நிரலை) நிறுத்திவிடும். அது இன்னொருவரின் டேட்டாபேஸாகவும் இருக்கலாம். முடிந்தால், நினைவகப் பிழைகளைத் தானே கண்டு திருத்தும் ஈசிசி ரேம் எடுங்கள். ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர்கள் பலவும் அதை ஏற்கும், ஆனால் மதர்போர்டும் ஏற்க வேண்டும். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் கையேட்டைப் பாருங்கள்.

எஸ்எஸ்டி இரண்டு வாங்கி மிரர் செய்யுங்கள், அதாவது இரண்டிலும் ஒரே தகவல் பதியும்படி அமையுங்கள். மிரர் இருந்தாலும் பேக்கப் தனியாக வேண்டும், ஏனென்றால் ஒருவர் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். ஃப்ரீபிஎஸ்டி என்றால் இன்டெல் நெட்வொர்க் சிப் உள்ள போர்டு நல்லது.

அப்புறம், சென்னை வெயில். இரவில் ஏசியை அணைத்துவிடும் அலுவலகத்தில் மே மாதம் அறையே கொதிக்கும். 65 வாட் ப்ராசஸரும் பெரிய ஹீட்சிங்க்கும் போதும். யுஎஸ்பி வழியாகத் தகவல் தரும் யுபிஎஸ்ஸாக வாங்கினால், பேட்டரி தீரும் முன் கணினி தானே முறையாக அணைந்துகொள்ளும்படி அமைக்கலாம்.