கோபுரம் அங்கே இல்லை: மேப் வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்கள் ஆடுவது டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்): மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை ஆட்டம். ஒரு முறை கூடி ஆடுவது ஒரு செஷன்; பல செஷன்களாகத் தொடரும் கதை ஒரு கேம்பெயின். போன மாதம் எங்கள் கேம்பெயினில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், எட்டு செஷன்களின் கசங்கிய மேப் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே சார்ட் பேப்பரில் வரைந்துகொண்டு வந்தார். காட்டுக்குப் பச்சை, சதுப்புக்கு ஊதா. மலைக்கு நிழல்கூட விழுந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். "லேமினேட் பண்ணிடலாம்ணா" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "பழைய தாளெல்லாம் எங்கப்பா?" என்றேன். "அதான் எல்லாம் இதுல வந்துருச்சே!"

விஷயம் தெரியாதவர்களுக்கு: எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். அந்தந்த வாரம் யாருக்கு முடிகிறதோ அவர்களில் நாலைந்து பேர் கதையில் வரும் ஊரிலிருந்து கிளம்பி, தெரியாத நிலத்தைச் சுற்றிவிட்டு, அந்த செஷன் முடிவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். பென் ராபின்ஸ் என்பவர் 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்ற பெயரில் நடத்திப் பார்த்து, 2007இல் எழுதியதிலிருந்து பரவிய முறை இது. ஆட்டத்தை நடத்துகிற டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) மேப் தரமாட்டார். இந்த வாரம் போனவர்கள் வரைந்ததை வைத்துத்தான் அடுத்த வாரத்துக்காரர்கள் போக வேண்டும்.

வடக்குக் குறி போடு, அளவு எழுது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை மறந்தால் அரைமணி நேரத்தில் தானாகவே உறைக்கும். மாதக்கணக்கில் உறைக்காத தவறுகள்தான் ஆபத்து.

பத்தடிக்குப் பத்தடி

1981இல் வந்த டி அண்ட் டி அடிப்படை விதிகளில் நிலவறைகளை மேப் வரைவதற்கென்றே ஓர் ஆட்டக்காரர் உண்டு. கட்டம் போட்ட தாள், ஒரு கட்டத்துக்குப் பத்தடி. அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டு, "இடது சுவர் நாற்பது அடியா, ஐம்பதா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் மற்ற நாலு பேரும் போனை எடுத்துவிடுவார்கள். அறைக்கு ஒரு வட்டம், வழிக்கு ஒரு கோடு, இது போதும். ஒரே ஒரு விதிவிலக்கு: நாலு பக்கமும் சுற்றிவந்தும் நடுவில் எதுவுமே இல்லாமல் ஓர் இடம் மிஞ்சுகிறதா? அங்கே மட்டும் கட்டம் கட்டமாகப் போடுங்கள். ரகசிய அறை பெரும்பாலும் அந்த ஓட்டையில்தான் இருக்கும்.

ஃபேர் காப்பி

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். செய்தது நானே என்பதால் கொஞ்சம் கூடுதலாக.

என்னுடைய முதல் கேம்பெயின், ஒன்பதாவது செஷன். நான் அன்றைக்குப் போகவில்லை. போன நாலு பேர் மேற்கே காட்டுக்குள் இரண்டு நாள் நடந்து ஒரு மொட்டைப் பாறையில் ஏறியபோது, தூரத்தில் உச்சி உடைந்த கோபுரம் ஒன்று தெரிந்தது. வரைந்தவர் தாளில் எழுதியது இவ்வளவுதான்: "கோபுரம்? பாறையிலிருந்து வடமேற்கே. அரை நாள் இருக்கலாம். மழை." அதற்குக் கீழே, ஓரத்தில், பென்சிலில்: "ஆத்தைத் தாண்டவே இல்லையே??"

நான் ஃபேர் காப்பி எடுத்தேன். கோபுரத்தைக் கறுப்பு மையில் வரைந்து அதற்கு இரண்டு ஜன்னல் வைத்தேன். கேள்விக்குறியை எடுத்துவிட்டேன். மழை எதற்கு மேப்பில்? அதையும் எடுத்தேன். ஆற்றைப் பற்றிய வரி ஓர் இடமே இல்லை, அதை எங்கே வரைவது? விட்டுவிட்டேன். பழைய தாளைக் கிழித்தும் போட்டேன்.

பதினாலாவது செஷனில் ஐந்து நாள் சாப்பாட்டோடு நானே கிளம்பினேன். மேப்பில் இருந்தபடி ஆற்றைத் தாண்டினோம். பாறை இருக்க வேண்டிய ஹெக்ஸில், அதாவது மேப்பின் அறுகோணக் கட்டத்தில், பாறை இல்லை. "பக்கத்து ஹெக்ஸா இருக்கும்" என்று தேடினோம். அதற்கும் பக்கத்தில் தேடினோம். இரண்டு நாள் போனது, சாப்பாடு தீர்ந்தது, திரும்புகிற வழியில் சதுப்பில் பிணந்தின்னிகள் சூழ்ந்தன. பதினோரு மாதம் ஆடிய நண்பனின் பாத்திரமான கிளெரிக் (பூசாரி) அங்கேயே செத்தான்.

கோபுரம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், மூன்று ஹெக்ஸ் தென்கிழக்கே இருந்தது. வேறொரு குழு பிறகு தற்செயலாகக் கண்டுபிடித்தது. ஒன்பதாவது செஷன்காரர்கள் முதல் நாளே வழி தவறியிருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்! நாங்கள் ஆடியது 1981 விதிகள். காட்டில் ஒவ்வொரு நாளும் டிஎம் மறைவாக ஒரு பகடை உருட்டுவார். ஒன்றோ இரண்டோ விழுந்தால் வழி தவறியது. நம்மிடம் சொல்லமாட்டார். அப்படி இரண்டு நாள் நடந்தால் வழி தவறாமல் இருக்க ஒன்பதில் நாலு வாய்ப்புதான். பாதிக்கும் குறைவு. மேப்பில் நாம் குறிப்பது நாம் இருப்பதாக நினைக்கும் இடம்தான். வழி தவறிவிட்டோம் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பென்சில் வரி. அதைத்தான் நான் அழகுக்காக எடுத்துவிட்டேன்.

நண்பன் திட்டவில்லை. "மேப் சூப்பரா இருந்துச்சுடா" என்றான். திட்டியிருக்கலாம்.

இப்போது நாங்கள் செய்வது: கால் வைத்த இடத்துக்கு மட்டும் மை. கண்ணால் மட்டும் பார்த்ததற்குப் பென்சில். ஊரில் யாரோ சொன்னது மேப்புக்குள் வராது, ஓரத்தில் நிற்கும். தூரத்தில் தெரிந்ததை ஒரு புள்ளியாக வைக்காமல், பார்த்த இடத்திலிருந்து ஓர் அம்பு மட்டும் போடுகிறோம். வேறோர் இடத்திலிருந்து இன்னொரு குழு அதையே பார்த்து அம்பு போட்டால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தேடலாம். எல்லாவற்றின் பக்கத்திலும் செஷன் எண். அப்போதுதான் ஒன்பதாவது செஷனில் ஏதோ இடிக்கிறது என்றால் அன்றைக்கு வரைந்த எல்லாவற்றையும் சேர்த்துச் சந்தேகப்பட முடியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். ஃபேர் காப்பியைச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள், காட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள்.

காலிக் கட்டம்

குறுக்கே ஆறு மைல் உள்ள ஹெக்ஸ் என்றால் சின்னதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் சுமார் 31 சதுர மைல், அதாவது 80 சதுர கிலோமீட்டர். அதன் நடுவே ஒரு முறை நடந்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்று எழுதுகிறார்கள். போனவழிக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தேடியிருந்தால் ஒரு புள்ளி வையுங்கள். போகவே இல்லையென்றால் வெறுமனே விடுங்கள். மூன்றும் ஒரே வெள்ளையாக இருந்தால் அடுத்த குழு என்ன செய்யும்?

பெயர்

'கரடிக் குகை' என்று வைத்தோம். மூன்றாவது செஷனிலேயே கரடியைக் கொன்றாயிற்று. வடக்கிலிருந்து வந்த குழு அதே குகைக்கு 'புகைவாய்' என்று பெயர் வைத்தது. நாலு மாதம் மேப்பில் இரண்டு குகைகள்.

டிஎம்மிடம் "மேப் சரியா?" என்று கேட்பது

கேட்காதீர்கள்.

ஒரே மேப், ஒரே பை

செஷன் முடிந்ததும் போட்டோ.

லேமினேட்

தம்பி வீட்டில் தேடியதில் எட்டுத் தாள்களில் ஐந்து கிடைத்தன. மூன்று பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. கிடைத்ததில் ஒன்றின் ஓரத்தில், டீ வட்டத்துக்குப் பக்கத்தில், "தெற்கே புகை? ரெண்டு நாளா" என்று யாரோ எழுதியிருந்தார்கள். சார்ட்டில் அந்த இடத்தில் வெறும் பச்சைதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை தெற்கே போகிறோம். தம்பிதான் மேப்.