நேபாள மலையில் பாரி வயலைத் திருத்துவது எப்படி?

நேபாளத்தின் நடுமலைப் பகுதியில் அடுக்கு வயல்கள் இரண்டு வகை. நெல்லுக்குத் தண்ணீர் தேக்கும், வரப்பு கட்டிய வயல் 'கேத்'. மழையை மட்டும் நம்பி மக்காச்சோளமும் கேழ்வரகும் விளைவது 'பாரி'. பாரி பெரும்பாலும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மழை வலுக்கும்போது மேல்மண் அந்த விளிம்பு வழியாகத்தான் போகிறது. ஆண்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், கூடை கூடையாக எருச் சுமந்து கொட்டுவது பெண்கள்தான். அந்த உழைப்பு ஓடையில் போகக் கூடாது. அதனால் உரத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் விளிம்பைக் கவனியுங்கள்.

மட்டம் பார்க்க ஒரு ஏ வடிவச் சட்டம் வேண்டும். ஆளுயர மூங்கில் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல், குறுக்குக் கம்புக்கும் கீழே தொங்கட்டும். காற்றில் ஆடாதபடி கல் கனமாக இருந்தால் நல்லது. கால்கள் ஊன்றிய இரண்டு இடத்திலும் முளையடித்து, கயிறு கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் மட்டம்.

இனி ஒரு காலை விளிம்பருகே ஊன்றி, கயிறு நடுக்கோட்டில் நிற்கும் வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்துங்கள். அங்கே ஒரு முளை. அதிலிருந்து அடுத்தது. இந்த முளை வரிசைதான் சம உயரக் கோடு.

மழை தொடங்கியதும் அந்தக் கோட்டில் துடைப்பப் புல் தூர்களை நெருக்கமாக நடுங்கள். அங்கே இதை அம்லிசோ என்பார்கள். வேர் மண்ணைப் பிடிக்கும், இலை மாட்டுக்கு, பூக்கதிர் துடைப்பமாகிச் சந்தைக்குப் போகும். பயிரின் மேல் நிழல் விழாமல் அவ்வப்போது அறுத்துவிடுங்கள்.

வயலை ஒரேயடியாக வெட்டிச் சமப்படுத்தத் தோன்றும். வேண்டாம். அடிமண் மேலே வந்தால் விளைச்சல் அடிபடும். புல்வரிசை, ஓடிவரும் மண்ணைத் தடுத்துத் தடுத்து விளிம்பைத் தானே உயர்த்தும்.

இரண்டு அடுக்குக்கும் இடையிலுள்ள சரிவும் நிலம்தான். புல் இல்லாத இடங்களில் அதன் மேல்விளிம்பில் தட்டைப்பயறு ஊன்றுங்கள். கொடி கீழே படர்ந்து வெறும் மண்ணை மூடும். மழைக்காலத்தில் சரிவைச் செதுக்க வேண்டாம், புல்லை அரிவாளால் அறுத்தால் போதும்.

எருக்குவியலுக்குச் சின்னதாக ஒரு கூரை போடுங்கள். வெயிலும் மழையும் சத்தை எடுத்துவிடும். தொழுவத் தரையைச் சற்றுச் சாய்த்தால் மாட்டு மூத்திரம் ஒரு குடத்தில் சேரும். அதில் நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல் செடியைச் சுற்றி ஊற்றுங்கள்.

முதல் கனமழை விட்டதும் விளிம்பைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் அறுத்துக்கொண்டு போன இடத்தில் கல் வைத்து அடைத்து, இன்னும் இரண்டு தூர் நடுங்கள்.